குறுக்கே வைத்த இரண்டு விரல்

குடைக்கடைக்காரர் சீன நட்புறவுக் கழகத்துக்குத் தலைவரானது சீனத்தின் மேல் இருந்த காதலால் அல்ல. கடைக்கு மேலே, அவர் வீட்டை ஒட்டி, ஒரு கூடம் காலியாகக் கிடந்தது. கூடம் யாருடையதோ அவர்தான் தலைவர் என்று முதல் கூட்டத்திலேயே எல்லோரும் ஏகமனதாகத் தீர்மானித்து, வாடகைப் பேச்சை அதோடு அடக்கம் செய்துவிட்டார்கள். அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருப்பவர், பொருளாளர். சீனாவுக்குப் போய்ப் படித்துத் திரும்பிய ஒரு பெண் மொழி சொல்லிக்கொடுத்தாள். வயதில் அவளுக்கு மூத்தவர்களும் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். ஒரு மாலை தூரிகை எழுத்து, ஒரு மாலை காகிதம் வெட்டுவது, மாதத்துக்கு ஒருமுறை தேநீர் என்று கழகம் நடந்துகொண்டிருந்தது. சும்மா வந்து ஒட்டிக்கொண்ட பதவிதான் என்றாலும், போகப்போகக் குடைக்காரருக்கு அதில் ருசி கண்டுவிட்டது.

ருசியோடு பயமும் வந்தது. போன வருடம் அங்கிருந்து வந்த விருந்தாளிகளுக்கு அவர் தம் கடையிலேயே உயர்ந்த ரகக் குடையை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். அவர்கள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு சில்லறைக் காசை அவர் உள்ளங்கையில் வைத்தார்கள். "பார்த்தியா, ஓசியில வாங்காத ஜனங்க" என்று மனைவியிடம் பெருமையடித்தார். விருந்தாளிகள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் டீச்சர் மெதுவாகச் சொன்னாள். அவர்கள் மொழியில் குடை என்கிற சொல்லும் பிரிவு என்கிற சொல்லும் காதுக்கு ஒன்றுபோலவே இருக்குமாம். குடையைக் கொடுப்பது, உன் உறவே வேண்டாம் என்று சொன்ன மாதிரியாம். காசு கொடுத்து வாங்கியதாக ஆக்கிக்கொண்டால் தோஷம் இல்லையாம். நட்புறவுக் கழகத் தலைவர் நட்பை அறுத்துக்கொள்ளும் சரக்கை வரிசையாக நிற்க வைத்து விநியோகம் செய்திருக்கிறார்! அன்றிலிருந்து விருந்தாளி என்றாலே அவருக்குக் கையை நீட்டவே நடுக்கம். நாம் ஒன்று நினைத்து நீட்ட, அது அங்கே என்னவாகப் போய்ச் சேருமோ.

இந்த வருடம் ஒரு பொம்மலாட்டக் குழு வந்தது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ராஜாவுக்கும் குரங்குக்கும் கிழவிக்கும் ஒரே தொண்டையால் குரல் கொடுக்கும் மூதாட்டி ஒருவர் அதில் இருந்தார். அவர் பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. குடைக்காரரின் மனைவி அவருக்குப் பொம்மையம்மா என்று பெயர் வைத்தாள், அதுவே நிலைத்தது. மற்றவர்கள் விடுதியில் தங்க, அங்கே படி ஏற முடியாத பொம்மையம்மாவைத் தலைவர் தம் வீட்டில் வைத்துக்கொண்டார். (தம் வீடும் மாடியில்தான் இருக்கிறது என்பது பெட்டியைத் தூக்கும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.) "எங்க அம்மா மாதிரி பார்த்துக்கறேன்" என்று குழுத் தலைவரிடம் நெஞ்சில் கை வைத்துச் சொல்லியிருந்தார். டீச்சர் அதை மொழிபெயர்த்தும் விட்டாள்.

குழுவினர் ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆட்டம் காட்ட வேனில் கிளம்பிய காலை அது. டீச்சரும் அவர்களோடு போய்விட்டாள். அலுப்பாக இருக்கிறது என்று பொம்மையம்மா மட்டும் தங்கிவிட்டார். குடைக்காரர் கீழே கடையில் ஒரு வாடிக்கையாளருக்குக் குடையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க! மேல வாங்க! சீக்கிரம்!"

மனைவியின் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை விரித்த குடையோடு படியேற வைத்தது. மாடிக் கதவில் குடை மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்.

பொம்மையம்மா கூடத்துப் பிரம்பு நாற்காலியில் இருந்தார். ஒரு கை நடுநெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. முகம் பிசைந்த மாவின் நிறத்துக்குப் போயிருந்தது. காதோரம் வேர்வை சொட்டியது. தேநீர்க் கோப்பை தரையில் உருண்டு கிடந்தது.

"என்ன ஆச்சு?"

"குடிச்சுக்கிட்டே இருந்தாங்க. கப்பைக் கீழ வைக்கப் போனாங்க. அப்புறம் இப்படி."

"என்ன டீ போட்டே நீ?"

"என் டீயில ஆள் விழுமுன்னா நீங்க எப்பவோ விழுந்திருக்கணும். நின்னுக்கிட்டே இருக்காதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

கூப்பிட்டார். மறுமுனையில் இருந்தவர் கடைத்தெரு என்றதும் பெருமூச்சு விட்டார். "சரக்கு இறக்குற நேரமாச்சே சார். லாரி நிக்குமே."

"நீங்க வாங்க. லாரிக்காரன் கால்ல நான் விழுந்துக்கறேன்."

அடுத்து டீச்சரைக் கூப்பிட்டார். மேடையில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருப்பாள் போலிருக்கிறது. போன் அணைந்திருந்தது. மச்சானைக் கூப்பிட்டார். "வந்துட்டேன் மாமா" என்று அவர் சொல்லும்போதே ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

போனில் மொழிபெயர்க்கும் வசதி இருக்கிறதே என்று மனைவிக்குத்தான் தோன்றியது. போனைப் பொம்மையம்மாவின் வாயருகே பிடித்தாள். அவருடைய பேச்சு மலைப்பக்கத்துப் பேச்சு, டீச்சரே சில சமயம் திணறுவாள். அதுவும் இப்போது பாதி மூச்சாக வந்தது. போன் யோசித்தது. பிறகு இனிமையான பெண் குரலில், "வாத்து கிழக்குப் பக்கம் இருக்கிறது" என்றது.

மனைவி போனைச் சோபாவில் எறிந்தாள்.

பொம்மையம்மா நெஞ்சிலிருந்த கையை எடுத்து மூலையைக் காட்டினார். அங்கே அவருடைய துணிப்பை. மனைவி ஓடிப்போய் எடுத்துவந்து மடியில் கொட்டினாள். சீப்பு, கைக்குட்டை, கண்ணாடிக் கூடு, சுண்டுவிரல் உயரத்தில் சுரைக்காய் வடிவத்தில் ஒரு பீங்கான் புட்டி. பொம்மையம்மா புட்டியைத் தொட்டார். குடைக்காரர் அதைப் பிடுங்காத குறையாக எடுத்துத் திறந்தார். கடுகு அளவு உருண்டைகள். கற்பூர நெடி மூக்கில் ஏறியது. புட்டியின் மேல் ஒரு எழுத்தும் இல்லை. இருந்த காகிதம் என்றோ தேய்ந்து போயிருக்க வேண்டும்.

ஒரே ஒரு உருண்டையை உள்ளங்கையில் தட்டி அவரிடம் நீட்டினார்.

பொம்மையம்மா அதைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தூக்கினார். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வைத்துக் காட்டினார்.

"வேண்டாங்கிறாங்க!" என்றாள் மனைவி.

குடைக்காரரின் கை தீயில் பட்டதுபோல் பின்வாங்கியது. "இது இல்லையா? வேற மாத்திரையா?" பையில் வேறு எதுவும் இல்லை. பொம்மையம்மா மறுபடி விரல்களைக் குறுக்கே வைத்தார். இந்த முறை அழுத்தமாக, குடைக்காரர் முகத்துக்கு நேரே. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குரங்குக்கும் ராஜாவுக்கும் கொடுக்கும் குரல் இல்லை அது. யாருடைய குரலும் இல்லை.

"ஐயோ, வேண்டாம்னா விடுங்களேன். எதையாவது குடுத்து எதையாவது ஆக்கிடாதீங்க. குடை குடுத்த கை அது."

அந்தச் சொல் அவர் மேல் கல்லாக விழுந்தது. உருண்டையைப் புட்டியில் போட்டு, புட்டியைப் பையில் போட்டு, பையை மேசைமேல் தள்ளி வைத்தார். பொம்மையம்மாவின் கண்களில் நீர் நிறைந்து வழிந்தது. வலியில் அழுகிறார் என்று நினைத்து மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மருந்துக்கடைக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். மாடிக்கதவில் மாட்டியிருந்த குடை அவர் சட்டையைக் கிழித்திருந்தது. நாடியைப் பிடித்தார். பிடித்த கையை உடனே விடவில்லை. குடைக்காரர் மச்சானின் முகத்தையே பார்த்தார்.

"எப்படிடா இருக்கு?"

"ஓடுது. ஆனா ஒழுங்கா ஓடலை. நான் மாத்திரை விக்கிறவன் மாமா, டாக்டர் இல்ல. ஆம்புலன்ஸ் எங்க?"

மனைவி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். தெருக்கோடியில் சைரன் கேட்டது. வெகுநேரமாக ஒரே இடத்திலிருந்து கேட்டது. ஒரு லாரி குறுக்கே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. "டேய், எடுங்கடா வண்டியை! உயிர் போகுதுடா!" என்று அவள் கத்தியது தெரு முழுவதும் கேட்டிருக்கும். லாரிக்காரர் அண்ணாந்து பார்த்து, எந்த வீடு என்று தேடிக்கொண்டிருந்தார்.

குடைக்காரர் பொம்மையம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்தார். நாளைக்குக் குழுத் தலைவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? எங்க அம்மா மாதிரி என்று சொன்ன வாய் என்ன சொல்லும்? அழைப்புக் கடிதத்தில் கையெழுத்து அவருடையது, விலாசம் அவருடையது. அந்நிய நாட்டு மனுஷி உள்ளூர் வியாபாரி வீட்டில் தேநீர் குடித்துச் செத்தார் என்றால், யார் யாரோ வந்து கேள்வி கேட்பார்கள். இதெல்லாம் மனதில் ஓடி முடிந்த பிறகு, ஓடாமல் ஒன்று நின்றது. இந்த அம்மாள் தன் கண்ணெதிரே, தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செத்துப் போகப்போகிறார், தனக்கு அது புரியப்போவதில்லை.

அப்போதுதான் அவர் அந்தக் கண்களைப் பார்த்தார்.

பொம்மையம்மாவின் விரல்கள் மறுபடி குறுக்கே ஏறின. ஆனால் பார்வை மேசைமேல் இருந்த பையில் இருந்தது. மனைவி பையைத் தாண்டி நடந்தாள். பார்வை அவளைத் தாண்டிப் பைக்கே திரும்பியது.

கடையில் நின்றே தேய்ந்த கால்களுக்குச் சொந்தக்காரர் அவர். வேண்டாம் என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்தவர். நிஜமாகவே வேண்டாதவர் அந்தச் சொல் வாயை விட்டு வருமுன்பே அடுத்த கடைக்குக் கண்ணைக் கொண்டுபோய்விடுவார். வேண்டும் என்கிறவர்தான் வாயால் வேண்டாம் என்பார். கண் சரக்கை விட்டு நகராது.

"மாப்ளே, இவங்க வேண்டாங்கலை."

"விரலைக் குறுக்க வெச்சுக் காட்டறாங்களே."

"விரலைப் பார்க்காதே. கண்ணைப் பாரு."

"கண்ணைப் பார்த்து மருந்து குடுக்கச் சொல்றீங்களா?"

குடைக்காரர் தாமும் இரண்டு விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தார். வேண்டாம் இல்லை என்றால் அந்தக் குறுக்கு விரல் என்ன? எதிர்ச் சுவரில் கழகத்து உறுப்பினர்களின் தூரிகை எழுத்துத் தாள்கள் ஒட்டியிருந்தன. தலைவர் எழுதியது என்கிற ஒரே தகுதியால் அவருடைய தாளும் நடுவில் இருந்தது. எண்களைத் தவிர அவருக்கு எதுவும் எழுத வந்ததில்லை. ஒன்றுக்கு ஒரு கோடு, இரண்டுக்கு இரண்டு கோடு, அதெல்லாம் சுலபம். கடைசியில் ஒரு படுக்கைக் கோடு, அதை வெட்டி ஒரு செங்குத்துக் கோடு.

"பத்து" என்றார். மறுபடி சொன்னார். "பத்துடா அது. அவங்க எழுத்துல பத்து. பத்து உருண்டை கேக்கறாங்க."

எழுந்து பையைப் பிடித்தார். மருந்துக்கடைக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இருங்க மாமா. பத்துன்னே வெச்சுக்குவோம். பத்து குடுன்னு சொல்றாங்களா, ஏற்கெனவே பத்து போட்டாச்சு, இனிமே குடுக்காதேன்னு சொல்றாங்களா?"

இதைக் குடைக்காரர் நினைக்கவே இல்லை.

"நீ டீ போடப் போனப்ப இவங்க ஏதாவது முழுங்கினாங்களா?" என்று மனைவியைக் கேட்டார்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அடுப்படியில இருந்தேன்."

"பை மூலையிலதானே இருந்துச்சு?"

"எடுத்து முழுங்கிட்டு மறுபடி அங்கேயே வெச்சிருந்தாங்கன்னா?"

சைரன் அதே இடத்தில் அழுதுகொண்டிருந்தது. குழுவினர் விட்டுப்போய், கூடத்துக் கொடியில் தொங்கிய உபரிப் பொம்மைகள் மின்விசிறிக் காற்றில் லேசாகத் திரும்பித் திரும்பி எல்லோரையும் பார்த்தன. பொம்மையம்மாவின் உதடு நீலம் பூக்கத் தொடங்கியிருந்தது. விரல்களை உயர்த்த முயன்றார். ஒன்று பாதியில் நின்றது. மற்றது மடியை விட்டே எழவில்லை.

"அத்தனை வீரியமான மருந்து இவ்வளவு பொடியா இருக்காதுடா" என்றார் குடைக்காரர், கெஞ்சுகிற குரலில்.

"எலி மருந்துகூடப் பொடிதான் மாமா."

"வாயை மூடுடா!" என்றாள் அக்கா.

"நான் சொல்றது என்னன்னா, குடுக்காம செத்தா விதி. குடுத்துச் செத்தா நீங்க."

அது சரியான கணக்கு. குடைக்காரர் வாழ்நாளெல்லாம் போட்டுவந்த கணக்கும் அதுதான். தெரியாத சரக்கைத் தொடாதே. ஒருகணம் அந்தக் கணக்கிலேயே நின்றார். நின்றபோது பொம்மையம்மாவின் கண் பையிலிருந்து மெல்ல நகர்ந்து அவர் முகத்துக்கு வந்தது. பேரம் படியாமல் கடையை விட்டு இறங்கும் ஆளின் பார்வை. கோபம்கூட அதில் இல்லை.

குடைக்காரர் மச்சானின் பிடியை உதறிவிட்டு, புட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளங்கையில் தட்டினார். கை ஆடியது. உருண்டைகள் தெறித்தன. எண்ணினார், விட்டது, மறுபடி எண்ணினார். மனைவியும் கூடவே வாய்விட்டு எண்ணினாள். மருந்துக்கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பத்து.

வாயருகே கொண்டுபோனதும் பொம்மையம்மா தாமாகவே வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். நாக்கின் அடியைக் காட்டினார்.

"அடியில போடணுமாம். அடியில போடுங்க!" என்று மனைவி அழுதாள்.

போட்டார். வாய் மூடியது. கண்ணும் மூடியது.

அதன் பிறகு ஓடிய நேரத்தைப் பற்றிக் குடைக்காரர் யாரிடமும் பேசியதில்லை. அந்த மூடிய இமைகளுக்கு முன்னால் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு விட்டால் எதிரில் இருப்பவரின் மூச்சு கேட்காமல் போய்விடுமோ என்று பயம். லாரி நகர்ந்ததும், படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும், யாரோ கதவில் இருந்த குடையை முறித்து எறிந்ததும் அவர் காதில் விழவே இல்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது பொம்மையம்மாவின் கை தொங்கியது. உயிருள்ள கை தொங்குகிறதா, மற்றதா என்று கேட்கத் துணிவில்லாமல் பின்னாலேயே வெறுங்காலோடு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "யார் கூட வந்தது? என்ன குடுத்தீங்க?"

குடைக்காரர் புட்டியை நீட்டினார்.

"என்ன மருந்து இது?"

"பத்து."

"என்ன மருந்துன்னு கேட்டேன்."

"அது தெரியாதும்மா. பத்து."

டாக்டரம்மாள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், புட்டியோடு உள்ளே போனாள். ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.

டீச்சரின் போன் அப்போதுதான் உயிர் பெற்றது. பின்னணியில் பிள்ளைகளின் கைதட்டல் கேட்டது. நடந்ததைச் சொல்வதற்கு முன்பே குடைக்காரர் கேட்டார், "ரெண்டு ஆள்காட்டி விரலையும் குறுக்க வெச்சா அங்க என்னம்மா அர்த்தம்?"

"பத்து, அங்கிள். கைக்கணக்கு கிளாஸுக்கு நீங்க வரலையே, அதான் தெரியலை."

குடைக்காரர் சுவரில் சாய்ந்தார்.

"ஆனா வேண்டாம்னும் காட்டுவாங்க. எல்லா ஊரும் போலத்தான். எதுக்குக் கேக்கறீங்க?"

அவர் போனை மச்சானிடம் கொடுத்துவிட்டு, நடைவழி பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் வந்து அமர்ந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள், ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஒருமுறை துடைப்பக்காரி வந்தாள், அவளுக்கும் எழுந்து நின்றார்கள்.

டீச்சர் மேடையில் கட்டிய பட்டு உடையோடு வந்து சேர்ந்தபோது, டாக்டரம்மாளும் வெளியே வந்தாள். இதயம் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்துவிட்டது, கண் விழித்துவிட்டார், இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

"அந்த உருண்டைதான் காப்பாத்துச்சா டாக்டர்?" என்று மனைவி ஆசையோடு கேட்டாள்.

"அது என்னன்னே எனக்குத் தெரியாதும்மா. நல்லது பண்ணியிருக்கலாம். ஒண்ணும் பண்ணாமலும் இருக்கலாம். கெடுக்கலை, அதை மட்டும் சொல்லலாம்." போகும்போது திரும்பி, "இனிமே இப்படித் தெரியாததைக் குடுக்காதீங்க" என்றாள்.

உள்ளே பொம்மையம்மா தலையணையில் சாய்ந்திருந்தார். குரல் நூலாக இருந்தது. டீச்சர் காதை வாயருகே வைத்துக் கேட்டாள். நிமிர்ந்தாள்.

"மருந்து குடுத்தது யாருன்னு கேக்கறாங்க."

குடைக்காரர் ஓர் அடி பின்வாங்கினார். "எதுக்குக் கேக்கறாங்கன்னு முதல்ல கேளும்மா."

"நான்தான் குடுத்தேன்னு சொல்லு" என்றாள் மனைவி, சட்டென்று முன்னால் வந்து.

குடைக்காரர் அவளைப் பார்த்தார். "அவ இல்ல. நான். நான்னே சொல்லும்மா."

டீச்சர் சொன்னாள். பொம்மையம்மா அவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு நீளமாக ஏதோ சொன்னார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பத்து கேட்டாங்களாம். எட்டுதான் வந்துச்சாம். நாக்குக்கு அடியில எண்ணிப் பார்த்தாங்களாம்."

முதலில் சிரித்தது மருந்துக்கடைக்காரர்தான். அழுகையும் அதில் கலந்திருந்தது. "அந்த நிலைமையிலயும் எண்ணியிருக்காங்க பாருங்க மாமா. இவங்களைப் பொருளாளராப் போடுங்க, நான் விலகிக்கறேன். எங்க போச்சு அந்த ரெண்டு? வழக்கம்போல எண்ணிக்கையில கைவெச்சுட்டீங்களா?"

மனைவியும் சிரித்தாள். டீச்சர் சிரித்தாள். படுக்கையில் இருந்தவரின் வாயோரம்கூட நெளிந்தது. குடைக்காரர் மட்டும் தம் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோகிற தூரத்தில் இரண்டு உருண்டைகள் எங்கேயோ உதிர்ந்திருக்கின்றன, அவருக்குத் தெரியவே இல்லை. எட்டு போதாமல் போயிருந்தால்?

கையைச் சட்டைப்பையில் போட்டு மறைத்துக்கொண்டு வெளியே வந்தார். மனைவி பின்னாலேயே வந்தாள்.

"ரெண்டு நாள் கழிச்சு நம்ம வீட்டுக்குத்தான் வரப்போறாங்க" என்றார்.

"வரட்டுமே. எங்க போவாங்க பாவம்."

"மறுபடி இந்த மாதிரி வந்து, வேற விரலைக் காட்டினா?"

"டீச்சரை நம்ம வீட்டுலயே படுக்கச் சொல்லுங்க" என்றாள்.

அவர் தலையாட்டினார். ஆனாலும் கால் நகரவில்லை. கதவை ஒருக்களித்துத் திறந்து, பொம்மையம்மாவின் இரண்டு கைகளும் போர்வைமேல் தனித்தனியாகக் கிடக்கின்றனவா என்று எட்டிப் பார்த்தார்.